பாங்காக்கில் தனியாக: கிளம்புவது முதல் வீடு திரும்புவது வரை

பாங்காக் போகும் தோழிகள் என்னிடம் முதலில் கேட்பது, "தனியாப் போனா பயமில்லையா?" என்பதுதான். பலமுறை தனியாகப் போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ராத்திரி பத்து மணிக்கு நடைபாதைக் கடையில் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கத்தியைக் காட்டிப் பறிப்பது அங்கே அபூர்வம். ஆனால் சிரித்துக்கொண்டே வந்து, ஊர் பேர் விசாரித்து, ஒரு மணி நேரத்தில் பர்ஸைக் காலி செய்கிறவர்கள் உண்டு. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: பேச்சை ஆரம்பித்தது யார்? நீங்களாகப் போய் ஒருவரிடம் வழி கேட்டால் பெரும்பாலும் நல்ல மனிதர்தான் கிடைப்பார். அவராகத் தேடி வந்து உதவி செய்கிறேன் என்றால், அங்கே நின்று யோசியுங்கள்.

படி 1: கிளம்பும் முன்

தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் விளம்பரமாக மேலே வந்து நிற்கும் சில தளங்கள் இதற்குப் பணம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். போன வருடம் போய் வந்தவர் சொன்னதை வைத்துக் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது பணம். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது, செயலியில் நாமே போய் இயக்க வேண்டும். அதைவிட முக்கியம் ஓடிபி. பாங்காக்கில் இறங்கியதும் இந்திய சிம்மைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு உள்ளூர் சிம் போடுகிறார்கள், பிறகு ஓடிபி வராமல் முழிக்கிறார்கள். இரண்டு சிம் போடும் போன் இருந்தால் இந்திய எண்ணையும் உள்ளேயே வையுங்கள், ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டு டேட்டாவை மட்டும் அணைத்து வைத்தால் போதும். இரண்டு அட்டை எடுத்துப்போங்கள், ஒன்று பர்ஸில், ஒன்று அறையில். அங்குள்ள ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நஷ்டம்தான். "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, பாட் கணக்கிலேயே கழிக்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகல் இரண்டு, பயணக் காப்பீட்டுத் தாள், தினமும் சாப்பிடும் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு. தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்திலேயே படம் பிடித்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் காட்டினால் பல டாக்சிக்காரர்களுக்குப் படிக்கத் தெரியாது.

முடிந்தவரை பகலில் இறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பி விடியற்காலையில் இறங்கும் விமானம் இருக்கிறது. தூக்கம் கெடும். ஆனால் புது ஊரின் முதல் தெருவை வெளிச்சத்தில் பார்ப்பது தனியாகப் போகிறவருக்கு எவ்வளவு தைரியம் தரும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

படி 2: எங்கே தங்குவது

அறை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள், ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். பாங்காக்கில் பிரதான சாலையிலிருந்து கிளை பிரியும் சந்துக்கு 'சோய்' என்று பெயர். சுகும்வித் சாலையில் ஒரு பக்கம் ஒற்றைப்படை சோய்கள், மறுபக்கம் இரட்டைப்படை. சில சோய்கள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போய், வேறு வழியில்லாமல் முட்டி நிற்கும். வரைபடத்தில் நிலையத்துக்குப் பக்கத்தில் தெரியும் விடுதி, நடந்து பார்த்தால் சோயின் கடைசியில் இருக்கும். ஐந்து நிமிட நடைக்குள், செவன் லெவன் (சின்னப் பல்பொருள் கடை) இருக்கிற சோயாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவருக்கு ஆரி, ஃபயா தாய், சீலோம் பகுதிகளைச் சொல்வேன். 'நானா' என்ற ரயில் நிலையத்தைச் சுற்றி இரவு விடுதிகள் அதிகம், தூக்கமும் வராது, வாசலில் தொந்தரவும் இருக்கும்.

உரிமம் உள்ள ஹோட்டலிலோ ஹாஸ்டலிலோ தங்குங்கள். குடியிருப்பு அடுக்ககங்களில் உரிமம் இல்லாமல் நாள் வாடகைக்கு விடுவது தாய்லாந்தின் 2004 ஹோட்டல் சட்டப்படி தவறு. அப்படிப்பட்ட இடத்தில் ஏதாவது நடந்தால் யாரிடம் புகார் சொல்வது என்பதே சிக்கலாகிவிடும். பெண்களுக்கு மட்டுமான பொது அறைகள் நிறைய ஹாஸ்டல்களில் உண்டு. அறைக்குள் போனதும் உள் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, அவசர வழி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும். கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் கட்டை ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். விலை நூறு ரூபாய்கூட இல்லை, அது தரும் நிம்மதியான தூக்கத்துக்கு விலை சொல்ல முடியாது.

படி 3: இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

சுவர்ணபூமி விமான நிலையத்தில் சுங்கம் தாண்டி வெளியே வந்தவுடன், "டாக்சி? டாக்சி?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். மேலே சொன்ன கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது. தேடி வருபவரை விட்டுவிட்டுக் கீழே முதல் தளத்துக்குப் போங்கள். அங்கே இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதில் போட்டிருக்கும் எண்ணில் நிற்கும் டாக்சியில் ஏற வேண்டும். அந்தச் சீட்டைப் பயணம் முடியும்வரை கொடுக்காதீர்கள். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், விமான நிலையக் கட்டணம் 50 பாட், டோல் தனி. சீட்டையும் வண்டி எண்ணையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்புவதை ஓட்டுநர் பார்த்தால் இன்னும் நல்லது.

பை கனமில்லை என்றால் ரயிலே போதும். விமான நிலைய ரயில் 45 பாட்டுக்குள் ஃபயா தாய் கொண்டு சேர்த்துவிடும், அங்கே மேல்பாலத்தில் ஓடும் பிடிஎஸ் ரயிலுக்கு மாறலாம். நள்ளிரவோடு ரயில்கள் நின்றுவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விலை குறைந்த விமானங்கள் பல, டோன் முவாங் என்ற பழைய விமான நிலையத்தில் இறங்குகின்றன. அங்கிருந்தும் 2021 முதல் சிவப்புத் தட ரயில் ஓடுகிறது.

படி 4: ஊருக்குள் நகர்வது

ரயில்தான் தனிப் பயணியின் முதல் துணை. அதற்கடுத்து வாடகை வண்டி கூப்பிடும் கிராப், போல்ட் போன்ற செயலிகள். வண்டி எண், ஓட்டுநர் முகம், கட்டணம் மூன்றும் முன்கூட்டியே தெரிந்துவிடும். சாலை டாக்சி வேண்டுமென்றால் ஓடிவரும் டாக்சியைக் கை காட்டி நிறுத்துங்கள். கோயில் வாசலிலும் மால் வாசலிலும் நிறுத்திவைத்துக் காத்திருப்பவர் பெரும்பாலும் மீட்டர் போட மாட்டார். கதவைத் திறந்து "மீட்டர்?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டி. சண்டை எதுவும் தேவையில்லை.

ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிகள் சோய்க்குள் போக வசதியானவை. ஆனால் ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள், பிரதான சாலையில் நீண்ட தூரம் அதில் போகாதீர்கள். பாங்காக்கில் வழிப்பறியைவிட சாலை விபத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதால் கவனம் தளர்ந்துவிடும். நடைபாதையில் எதிர்த்திசையிலிருந்து பைக் வரும். வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்க நினைத்தால், உரிய ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்குப் பல காப்பீடுகள் ஒரு பைசா தராது. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடையில் எடுக்கவே கூடாது.

சான் சேப் கால்வாய்ப் படகைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நெரிசலில் மாட்டாமல் ஊரைக் கடக்க அதைவிட வேகமான வழியில்லை. ஆனால் படகு துறையில் சில விநாடிகள்தான் நிற்கும், முழுதாக நிற்கக்கூட நிற்காது. முதல் முறை நான் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் இளநீர்ப் பையுமாக நின்றேன். படகின் விளிம்பு எழும்பித் தாழ்கிறது, துறையின் மரப்பலகை முழுக்க ஈரம், பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுகிறார்கள். கயிற்றைப் பிடிக்கக் கையில்லாமல் கால் வழுக்கியபோது, படகில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டார். கால்வாய்த் தண்ணீர் கறுப்பு. இரண்டு கையும் காலியாக இருந்தால் மட்டும் ஏறுங்கள். பை மார்புப் பக்கம், செருப்பு பிடிப்புள்ளதாக.

படி 5: "இன்னைக்கு அரண்மனை மூடியிருக்கு"

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இத்தனை வருடமாக இது நிற்கவே இல்லை. பெரிய அரண்மனையின் வெள்ளை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன், காலை பத்து மணி இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை, ஐம்பது வயதுக்காரர். "இந்தியாவா? சென்னையா? ரொம்ப நல்ல ஊர்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு வருத்தப்பட்டுச் சொன்னார்: இன்று புத்த பண்டிகை, மதியம் ஒரு மணி வரை வெளிநாட்டவரை உள்ளே விட மாட்டார்கள். அதுவரை வீணாக நிற்க வேண்டாம் என்று என் வரைபடத்தை வாங்கி, பேனாவால் மூன்று கோயில்களை வட்டமிட்டுத் தந்தார். அரசாங்கச் சலுகையாம், இன்று மட்டும் டுக்டுக்கில் (அந்த ஊர் ஆட்டோ) 20 பாட்டுக்கு எல்லாவற்றையும் சுற்றலாம். சொல்லிவைத்தாற்போல் ஒரு டுக்டுக் வந்து நின்றது.

அவர் வட்டமிட்ட கோயில்கள் உண்மையானவைதான். ஆனால் நடுவில் ஒரு நகைக்கல் கடைக்கும் தையல் கடைக்கும் வண்டி தானாகப் போய் நிற்கும். இன்றோடு வரிவிலக்கு முடிகிறது, ஊரில் விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று அங்கே உட்காரவைத்துப் பேசுவார்கள். வழியில் கோயிலில் 'தற்செயலாக' சந்திக்கும் இன்னொருவரும் அதே கடையைப் புகழ்வார். அவரும் அந்தக் கூட்டத்து ஆள்தான். வாங்கும் கல் ஊரில் வந்து காட்டும்போதுதான் அதன் உண்மை விலை தெரியும்.

அரண்மனை வழக்கமாகத் தினமும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை திறந்திருக்கும், நுழைவுச் சீட்டு 500 பாட். அரச நிகழ்ச்சிகளுக்காகச் சில நாள் மூடுவதுண்டு. அது உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வாசல்வரை நடந்துபோய்ச் சீருடைக் காவலரைக் கேட்பது. அன்று நான் அதைத்தான் செய்தேன், வாசல் விரியத் திறந்திருந்தது. தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுப் போங்கள். "இந்த உடையில் விட மாட்டார்கள், என்னோடு வா" என்று இழுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மறுத்துச் சொல்ல இரண்டு வார்த்தை போதும்: "மை ஆவ்", அதாவது வேண்டாம். ஆண்கள் கடைசியில் "க்ராப்" சேர்க்க வேண்டும், பெண்கள் "கா". புன்னகையோடு சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். நமக்குக் குரலை உயர்த்திப் பேசுவது பழக்கம். அங்கே பொது இடத்தில் கத்துவது பெரிய அவமானம், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் சுற்றி நிற்பவர்களின் மனம் நமக்கு எதிராகத் திரும்பிவிடும். "ஜாய் யென்" என்பார்கள், மனசைக் குளிர வை என்று அர்த்தம்.

படி 6: இருட்டிய பிறகு

இரவுச் சந்தைகளும் சைனாடவுனின் யாவராத் சாலையும் கூட்டமாக, வெளிச்சமாக இருக்கும். அங்கே பையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கவனம் தேவைப்படுவது இரவு விடுதிகள் நிறைந்த பட்போங் போன்ற இடங்களில். தெருவில் நின்று "உள்ளே இலவசம்" என்று மாடிப்படியைக் காட்டுபவர் பின்னால் போனால், இறங்கும்போது ஆயிரக்கணக்கில் பில் வரும், கதவருகே ஆட்கள் நிற்பார்கள். இதில் அதிகம் மாட்டுவது தனியாக வரும் ஆண்கள்தான், நம் ஊர்ப் பையன்களும் சேர்த்து. வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. மாட்டிக்கொண்டால் கேட்டதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, சுற்றுலாப் போலீஸை 1155-ல் கூப்பிடுங்கள். உள்ளே நின்று வீரம் காட்ட வேண்டாம்.

குடிப்பவர்கள் மூடி திறக்காத பாட்டிலையே வாங்குங்கள், கோப்பையை விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். 'யாதோங்' என்ற மூலிகைச் சாராயத்தைத் தெருவோரத்தில் தொடவே வேண்டாம். 2024 ஆகஸ்டில் மெத்தனால் கலந்த யாதோங் குடித்துப் பாங்காக்கில் பலர் இறந்தார்கள்.

யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால் விடுதியை நோக்கி ஓடாதீர்கள், இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அருகிலிருக்கும் செவன் லெவனுக்குள் நுழையுங்கள். வெளிச்சம், கேமரா, சீருடைப் பணியாளர், பெரும்பாலான கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். அங்கேயே நின்று கிராப் கூப்பிட்டு, வண்டி வாசலுக்கு வந்தபின் வெளியே வாருங்கள். அவசரத்தில் கத்த வேண்டிய வார்த்தை "ச்சுவாய் துவாய்", காப்பாற்றுங்கள் என்று பொருள்.

படி 7: வேலை தருகிறேன் என்பவர்

சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இது எதற்கு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று நல்ல சம்பளம் சொல்லிப் பாங்காக்குக்கு வரவழைத்து, அங்கிருந்து காரில் மேற்கே மே சோட் எல்லை ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. அங்கே வேலி போட்ட வளாகங்களில் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிக்கிறார்கள். 2022-ல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் இருந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப் படை விமானங்கள் மே சோட்டிலிருந்து 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அழைத்து வந்தன.

ஹாஸ்டலிலோ டெலிகிராமிலோ அறிமுகமான ஒருவர், "நேர்காணலுக்கு கார் அனுப்புகிறேன்" என்றால் ஏறக் கூடாது. சுற்றுலாவுக்கு வந்த அனுமதியில் தாய்லாந்தில் வேலை செய்யவே முடியாது, அதற்குத் தனி விசாவும் பணி அனுமதியும் வேண்டும். நகரை விட்டுக் கார் மேற்கே போகிறது என்று வரைபடத்தில் தெரிந்தால், அடுத்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறைக்கு என்று இறங்கி, கடைக்குள் போய் 1155-ஐ அழையுங்கள். பாஸ்போர்ட் எப்போதும் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும்.

படி 8: உடம்பும் சட்டமும்

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் ஆலையில் செய்தது, பரவாயில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' போட்ட கடைகளைத் தேடுங்கள், அங்கே மீன் சாஸும் கிடையாது. நம் சாப்பாட்டு ஏக்கம் வந்தால் சீலோம் பக்கம் போகலாம். 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. தாய் மக்கள் மல்லிகைச் சரத்தோடு வரிசையில் நின்று அம்மனைக் கும்பிடுவதைப் பார்த்தால் வெளியூரில் இருக்கும் உணர்வே போய்விடும்.

தெருநாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி. ராமா 4 சாலையில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் சாவோபா நிறுவனம் இதற்கென்றே பெயர் பெற்றது. ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், ரேபீஸ் வந்துவிட்டால் மருந்தில்லை.

அரச குடும்பத்தைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தையும் வேண்டாம், முகநூல் பதிவாகக்கூட. தண்டனைச் சட்டம் 112ஆம் பிரிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. இ-சிகரெட் தடை. கஞ்சாக் கடைப் பலகைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள், 2025 ஜூனிலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

படி 9: ஏதாவது நடந்துவிட்டால்

சுற்றுலாப் போலீஸ் 1155, 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்ஸ் 1669, பொதுப் போலீஸ் 191, டாக்சிப் புகார் 1584. இந்த நான்கையும் போனில் மட்டுமல்ல, ஒரு தாளில் எழுதிப் பர்ஸிலும் வையுங்கள். தொலைவது பெரும்பாலும் போன்தானே.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வ புகார், பிறகு சுகும்வித் சோய் 23-ல் இருக்கும் இந்தியத் தூதரகம். புகார் நகல் இல்லாமல் தூதரக வேலையும் நகராது, காப்பீட்டுப் பணமும் கிடைக்காது. இலங்கை, மலேசியாவிலிருந்து போகிறவர்கள் தங்கள் தூதரக முகவரியைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனைகள் தரமானவை, ஆனால் காப்பீடோ முன்பணமோ கேட்பார்கள். அதனால் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள்.

படி 10: திரும்பும் நாள்

கடைசி ஆபத்து புறப்பாட்டு வரிசையில் காத்திருக்கும். நல்ல தமிழில், "அக்கா, உங்களுக்கு லக்கேஜ் கம்மியாத்தானே இருக்கு, இந்தப் பொட்டலத்த மட்டும் சென்னைல எங்க அண்ணன்கிட்ட குடுத்துடுறீங்களா?" என்று கேட்பார்கள். இப்படிச் சாமான் கடத்துபவர்களுக்கு நம் ஊரில் 'குருவி' என்று பெயர். பாங்காக்கிலிருந்து சென்னைக்கு உயர்ரகக் கஞ்சாவும், உயிருள்ள பல்லி, ஆமை, குரங்குக் குட்டிகளும் இப்படித்தான் வந்து சுங்கத்தில் பிடிபடுகின்றன. பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் குற்றவாளி, அண்ணன் யாரும் வாசலில் நிற்க மாட்டார். டிக்கெட் செலவைத் தருகிறேன் என்றாலும், கையில் குழந்தையோடு அழுதாலும் வாங்காதீர்கள். பெட்டியை நீங்களே அடுக்கி, நீங்களே பூட்டி, எடை போடும்வரை கை எட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள்.